எல் போர்டு மாட்டிய ராத்திரிகள்

"மிஸ்ஸி, முன்னாடி ஏதாச்சும் தெரியுதுங்களா?"

வேனை ஓட்டிக்கொண்டிருந்த சுப்பையா இப்படிக் கேட்டதும் ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். மூடுபனி அதிகம் இல்லாத இரவு அது. பின்னால் விரித்திருந்த மெத்தையில் ஒரு பெண் பிரசவ வலியில் முனகிக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியார் பக்கத்தில் குந்தியிருந்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரோடு தெரியுது. வேற என்ன தெரியணும்?" என்றேன்.

சுப்பையா சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையைக் குளிரில் வெளியே நீட்டினார். வண்டி நடை வேகத்தில்தான் போனது. இடது பக்கம் மலை, அதை ஒட்டித் தண்ணீர் ஓடும் கான். வலது பக்கம் பள்ளம். அவர் கானை விட்டு விலகாமல், சுவரைத் தடவிக்கொண்டு நடப்பவரைப் போல ஓட்டினார்.

அடுத்த வளைவு திரும்பியதும் ஒரு மனிதரைப் பார்த்தேன். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, சாலையின் இடது ஓரத்தில் நடந்துகொண்டிருந்தார். எங்கள் வேனின் வெளிச்சம் அவர் மேல் நன்றாகவே விழுந்தது. சுப்பையா ஹோர்ன் அடிப்பார், விலகுவார் என்று காத்திருந்தேன். அவர் ஹோர்னும் அடிக்கவில்லை, விலகவும் இல்லை. வேன் நேரே அந்தக் கம்பளியை நோக்கிப் போனது.

"சுப்பையா! ஆளு!"

அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி வழுக்கியது. இடது பக்கச் சக்கரம் இரண்டும் கானுக்குள் இறங்கி, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றது. கம்பளிக்காரருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்தது.

அவர் திரும்பி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "என்னங்க டைவரு, இவ்வளவு லைட்ட வச்சுக்கிட்டு என்னயத் தெரியலைங்களா?"

"தூக்கக் கலக்கம்ணே. மன்னிச்சுக்கங்க."

அந்த மனிதரும் சேர்ந்து தள்ளித்தான் வண்டி மேலேறியது. நல்லபடியாக ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். ஆனால் எனக்குள் ஒரு உறுத்தல் உட்கார்ந்துகொண்டது. தூக்கக் கலக்கம் என்பது பொய். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் கண்கள் விரியத் திறந்திருந்தன.

நானும் அந்த வேனும்

இந்தத் தொடரில் நான் வேன் ஓட்டியதைச் சொன்ன போன வார அத்தியாயத்தைப் படித்த என் தம்பி மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அத்தை, நீங்க வண்டி ஓட்டுவீங்கன்னு எங்க யாருக்கும் சொன்னதே இல்லையே" என்றாள். சொன்னதில்லைதான். சொல்லத் தொடங்கினால் சுப்பையாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவச்சியாக இருந்தேன். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எங்கள் சனம் இன்னும் அங்கே இருக்கிறது. எல்லாரும் என்னை மிஸ்ஸி என்பார்கள். ரெஜினா என்ற என் பெயர் மாதா கோயில் பதிவேட்டிலும் சம்பளப் பட்டியலிலும் மட்டும்தான் புழங்கியது. அப்போது எனக்கு வயது முப்பதைத் தாண்டி நாலைந்து இருக்கும். கல்யாணம் ஆகவில்லை.

தோட்டத்துக்கு ஒரு பழைய வேன் இருந்தது. பகலில் தபாலும் சாமானும் ஏற்றும். இரவில் நோயாளி ஏற்றும். அதற்கு ஒரே டிரைவர் சுப்பையா. என்னைவிட இரண்டு வயது இளையவர், ஒல்லி உடம்பு, அதிகம் பேசாதவர். அவர் மனைவி பார்வதி கொழுந்து எடுக்கிறவள். கல்யாணமாகி எட்டு வருடமாகியும் பிள்ளை இல்லை. டிரைவர் வேலைக்கென்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் தள்ளி இரண்டு அறை வைத்த ஒரு சின்ன வீடு கொடுத்திருந்தார்கள். பார்வதி அதன் வாசலில் டேலியாப் பூச்செடி வைத்திருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் வண்டிக் கொட்டகைக்குப் பார்வதி வருவதையும், இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பதையும் நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்சாதியும் கைகோத்து நடப்பது வழக்கமில்லை. 'எவ்வளவு அன்பு' என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

எத்தனை விரல்?

கானில் இறங்கிய மறுநாள் மத்தியானம் தலைவலி மாத்திரை கேட்டு சுப்பையா மருந்துக் கொட்டகைக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். ஜன்னல் பலகை இரண்டையும் சாத்தினேன். இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் வந்தது. எனக்கு அலமாரியில் இருந்த மருந்துப் போத்தல்களின் கழுத்து வரை தெரிந்தது.

கையைத் தூக்கிக் காட்டினேன். "எத்தன வெரல், சொல்லுங்க."

சுப்பையா தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"மிஸ்ஸி கையத் தூக்கியிருக்கீங்களா?"

ஜன்னலைத் திறந்தேன். அவர் கண்ணில் நீர் நின்றது.

"எத்தன நாளா?"

"மூணு வருசம் இருக்கும் மிஸ்ஸி. எங்கப்பாவுக்கும் இருந்துச்சுங்க. அவரு தேயிலச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுறவரு. பகல்ல மலைக்குப் போவாரு, பொழுது சாஞ்சா லயத்துக்குள்ள உக்காந்துருவாரு. ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு அப்படி உக்கார முடியலீங்களே."

"பின்ன எப்படி ராத்திரியில ஓட்டுனீங்க?"

"ரோடு மனப்பாடம். பாலம் வந்தா சத்தம் மாறும். ஸ்டோர்கிட்ட வந்தா தேயில வாசம் வரும். ஓரத்துக் கல்லுக்கெல்லாம் கங்காணியக் கேட்டுச் சுண்ணாம்பு அடிக்க வச்சிருக்கேன். அந்த வெள்ள மங்கலாத் தெரியும்."

"மனுசங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியுமா சுப்பையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தொரைகிட்டச் சொல்லிராதீங்க மிஸ்ஸி. வேல போனா வீடு போயிரும். வேற எந்தத் தோட்டத்துல என்னய எடுப்பாங்க? எங்களுக்கு இந்தியாவும் இல்ல, இந்த நாடும் இல்ல."

இந்தக் கடைசிப் பேச்சு அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. குடியுரிமைத் தாள் இல்லாதவனுக்குத் தோட்டத்து வேலை ஒன்றுதான் முகவரி. அது எனக்கும் தெரியும்.

கர்ப்பிணிகளுக்கு மாலைக்கண் வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மீன் எண்ணெய் கொடுத்தால் சில வாரங்களில் போய்விடும். சுப்பையாவுக்கும் ஒரு போத்தல் கொடுத்தேன். ஆனால் அப்பனுக்கும் இருந்தது என்று அவர் சொன்னபோதே என் நம்பிக்கையில் பாதி போய்விட்டது.

அன்று இரவு நான் தூங்கவில்லை. தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொன்னால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால் ஒரு நாள் யாராவது வண்டிக்கு அடியில் போவார்கள். விடிகிற நேரத்தில் மூன்றாவதாக ஒரு வழி தோன்றியது. அது நல்ல வழி என்று அப்போது நம்பினேன்.

"இனிமே ராத்திரியில நீங்க ஓட்டக் கூடாது. நான் ஓட்டுறேன். எனக்குக் கத்துக்குடுங்க" என்றேன் காலையில்.

சுப்பையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சேல கட்டிக்கிட்டா மிஸ்ஸி?"

"கட்டாம வந்தா ஃபாதர் திட்டுவாரு."

அந்த மூன்று வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தானாம். பார்வதி சொன்னாள்.

வெளிச்சத்துக்குள்ளே நிற்க வேண்டும்

அவசரத்துக்கு இரண்டாவதாக ஓர் ஆள் இருந்தால் நல்லது என்று துரையிடம் சொன்னேன். அவர் வெள்ளைக்காரர். பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்து, தாளில் கையெழுத்துப் போட்டார். வேனின் முன்னும் பின்னும் வெள்ளைத் தகரத்தில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு ஏறியது. கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டப்படி எங்களிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கு இரவில் கண் தெரியாது என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

முதல் ஒரு மாதம் பகலில் ஓட்டினேன். கிளச்சை விடும்போது வண்டி ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும். கொழுந்து மலையிலிருந்து பெண்கள் கைதட்டுவார்கள். "மிஸ்ஸி, புள்ள பெத்துக்குடுக்கிறது லேசா, இது லேசா?" என்று ஒருத்தி கத்துவாள். சேலை நுனி ஒரு நாள் பிரேக்கில் மாட்டியது. அன்றிலிருந்து இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டேன்.

பிறகு இரவு.

வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள்கூட ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பகலில் கற்றது பாதிதான். இரவில் சாலை அகலம் குறைந்துவிடும். தூரம் பொய் சொல்லும். நமக்கு முன்னால் இருக்கும் வெளிச்சம்தான் நமக்குக் கிடைத்த சாலை. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஊகிக்கிறோமே தவிரப் பார்ப்பதில்லை.

"லைட்டு எவ்வளவு தூரம் போகுதோ, அதுக்குள்ள வண்டி நிக்கணும்ங்க" என்றார் சுப்பையா. "நிக்காதுன்னா நீங்க வேகமாப் போறீங்க. அம்புட்டுத்தான் கணக்கு."

எங்கள் வேனின் விளக்கோ எஞ்சின் வேகம் குறைந்தால் சேர்ந்து மங்கும். ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் மழையில் கண்ணாடியைத் துடைக்கும் தடியும் பாதியில் நின்றுவிடும். பெரிய வெளிச்சத்தைத் தாழ்த்துவதற்குக் காலடியில் ஒரு குமிழ். இடது காலால் அழுத்த வேண்டும். கிளச்சுக்கும் அதே கால்தான்.

எதிரே வண்டி வந்தால் அதன் விளக்கைப் பார்க்கக் கூடாது, இடது ஓரத்தையே பார்க்க வேண்டும். பனியில் பெரிய விளக்கைப் போடக் கூடாது, போட்டால் வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல அது திருப்பி நம் கண்ணிலேயே அடிக்கும். ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் கண்ணாடியையும் விளக்கையும் துடைக்க வேண்டும். கண் சொருகினால் ஓரம் கட்டி நிறுத்திவிட வேண்டும், யார் என்ன சொன்னாலும். இதையெல்லாம் இரவில் ஒன்றும் தெரியாத ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கண் போகப் போகத்தான் ஒவ்வொன்றையும் யோசித்து வைத்திருக்கிறார் என்று எனக்குப் பின்னால் புரிந்தது.

என்னிடம் அவர் ஓயாமல் கேட்பார்: "இப்ப என்ன தெரியுது மிஸ்ஸி? சொல்லிக்கிட்டே ஓட்டுங்க." நானும் சொல்வேன். இடது பக்கம் கல். வலது பக்கம் சவுக்கு மரம். தூரத்தில் நாய். இப்படிச் சொல்லிச் சொல்லி ஓட்டியதில் என் கண் சும்மா இருக்கப் பழகவில்லை.

பழைய மஸ்கெலியா டவுன் வரை போய்த் திரும்புவோம். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தேநீர்க் கடையில் அவருக்கும் எனக்கும் பிளேன்டீ வரும். அந்த டவுன், அந்தக் கடை, நாங்கள் போன சாலையில் ஒரு துண்டு எல்லாம் பின்னால் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன. இப்போது பஸ்ஸில் போகிறவர்கள் தண்ணீரைப் பார்த்து அழகு என்கிறார்கள். எனக்கு அங்கே கியர் மாற்றத் தவறி வண்டி நின்ற இடம்தான் ஞாபகம் வரும்.

மீன் எண்ணெய்ப் போத்தல்கள் மூன்று தீர்ந்தன. ஒரு மாற்றமும் இல்லை.

செல்லம்மாவின் பிள்ளை

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரம். மேல் பிரிவு லயத்தில் செல்லம்மா என்ற பெண்ணுக்கு வலி கண்டது. போய்ப் பார்த்தபோது குழந்தை குறுக்கே கிடந்தது. ஒரு கை வெளியே வந்திருந்தது. அறுவைச் சிகிச்சை இல்லாமல் நடக்காது. இரண்டு உயிரும் போய்விடும்.

வண்டியில் ஏற்றும்போது இரவு எட்டு மணி இருக்கும். பின்னால் செல்லம்மாவும் அவள் கணவன் கருப்பண்ணனும். என் பக்கத்தில் சுப்பையா. நான் ஓட்டினேன்.

தோட்டத்துச் சாலை முடியும் முன்பே பனி இறங்கிவிட்டது. மழையும் பனியும் ஒன்றாகச் சேர்ந்தால் உலகம் ஒரு கொசுவலை அகலத்துக்குச் சுருங்கிவிடும். நான் இரண்டாம் கியரிலேயே போனேன்.

"வேகமா விடுங்க மிஸ்ஸி!" கருப்பண்ணன் பின்னாலிருந்து என் இருக்கையைக் குலுக்கினான். "செத்துருவா போலருக்கு! நீங்க ஊர்கோலம் போறீங்க!"

செல்லம்மாவின் முனகல் ஒவ்வொன்றும் என் முதுகில் குத்தியது. அவளுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அந்த வண்டியில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் கால் தானாகவே அழுத்தப் பார்த்தது.

நோர்வூட் பக்கமாக இறங்கும்போது எதிரே ஒரு லொறி. பெரிய விளக்கைத் தாழ்த்தாமலே வந்தது. பனி முழுக்க வெள்ளையாகிவிட்டது. இடது ஓரத்தைப் பார்த்தேன், ஓரமே இல்லை. லொறி உரசிக்கொண்டு போன பிறகும் கண்ணுக்குள் பச்சையும் ஊதாவுமாக வட்டங்கள் மிதந்தன. பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றான் கருப்பண்ணன்.

"ரோடு தெரியல."

"டைவரு, நீ ஓட்டுய்யா! பொம்பள கையில குடுத்துட்டு ஒக்காந்திருக்கியே!"

சுப்பையா என் பக்கம் திரும்பினார். அந்த இருட்டில் அவருக்கு என் முகம்கூடத் தெரியாது. "மிஸ்ஸி ஓட்டுறதுதான் சரி. அவங்க நிறுத்துனா காரணம் இருக்கும்" என்றார்.

நான் இறங்கினேன். செல்லம்மாவின் நாடியைப் பார்த்தேன். பிறகு மருந்துப் பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துக் கருப்பண்ணனின் முதுகில் போட்டு, நுனியைக் கழுத்தில் முடிந்தேன். டோர்ச்சைக் கையில் கொடுத்தேன்.

"மலைப் பக்கமா முன்னால நடங்க. நான் ஒங்க முதுகப் பாத்துக்கிட்டே வாறேன். நீங்க எவ்வளவு வேகமா நடக்கிறீங்களோ அவ்வளவு வேகமா வண்டி வரும்."

அவன் அழுதுகொண்டே நடந்தான், ஓட்டமும் நடையுமாக. அந்த வெள்ளைத் துணி பனியில் மிதந்து போனது. முதல் கியரில் அதன் பின்னால் நான். வளைவு திரும்பியதும் அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினான்.

சாலையின் பள்ளத்துப் பக்கம் பாதி இல்லை. மழை அரித்துக் கீழே கொண்டுபோயிருந்தது. கான் ஓரமாக ஒரு வண்டி நகர மட்டும் இடம் மிச்சம். நான் முன்பு வந்த வேகத்தில் வந்திருந்தால் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

எல்லாரையும் போல நானும் அந்த இடத்தில் ஜெபம் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் 'இடது கல், இடது கல்' என்றுதான் வாய் முணுமுணுத்தது. சக்கரம் கானில் உரசிக்கொண்டே கடந்தது. அதற்குப் பிறகு வண்டியில் ஏறிய கருப்பண்ணன் ஆஸ்பத்திரி வரும்வரை அந்த வெள்ளைத் துணியைக் கழுத்திலிருந்து அவிழ்க்கவில்லை.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆண் குழந்தை. வெளியே வந்திருந்த அந்தக் கை மட்டும் சில நாள் நீலமாக இருந்தது.

விடிந்த பிறகு

ஆஸ்பத்திரி வாசலில் விடிந்தது. மழை நின்று மலையெல்லாம் கழுவி வைத்ததுபோல இருந்தது. சுப்பையாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இனிமே நீங்கதான் டைவரு மிஸ்ஸி. டெஸ்டு எல்லாம் சும்மா" என்றார். "ராத்திரி பூராத் தூங்கல நீங்க. வெளிச்சம் வந்துருச்சு, நான் ஓட்டுறேன்."

சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தேன். பகலில் அவர் ஓட்டுவதுதானே வழக்கம்.

எங்கள் தோட்டத்து எல்லைக்குள் வந்துவிட்டோம். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து பெண்கள் கூடையோடு மலைக்கு ஏறும் நேரம். இடது பக்கத்துக் குறுக்குப் பாதையிலிருந்து ஒருத்தி சாலையில் இறங்கினாள். நல்ல வெயில். சிவப்புச் சேலை. நான் அவளைப் பார்த்தேன். அவள் எங்களைப் பார்த்தாள், டிரைவர் பார்த்துக்கொள்வார் என்று நடந்தாள்.

வண்டியின் பக்கக் கண்ணாடி அவள் முதுகுக் கூடையில் அடித்தது. அவள் ஒரு சுற்றுச் சுற்றிச் சாலையில் உட்கார்ந்தாள்.

நான் குதித்து ஓடினேன். உள்ளங்கை சிராய்ப்பு, அவ்வளவுதான். கூடை உருண்டு கானில் கிடந்தது. அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே வண்டியைப் பார்த்துத் திட்டினாள்: "கண்ணு தெரியலையா டைவரு ஒனக்கு?"

யாரும் யாரையும் திட்டுகிற சாதாரணத் திட்டு. சுப்பையா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அவள் போன பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து கேட்டேன். "அவள நீங்க பாக்கலையா?"

"இல்ல மிஸ்ஸி."

"பட்டப் பகல் சுப்பையா."

"நேரப் பாத்தா ஊசியில நூலு கோத்துருவேன். பக்கத்துலதான்... கொழாய்க்குள்ள பாக்குற மாதிரி இருக்கு. தைப் பொங்கலுக்கு முன்ன இருந்தே இப்பிடித்தான்."

தைப் பொங்கலிலிருந்து இத்தனை மாதமாக அவர் பகலில் ஓட்டியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் சாலையில். இரவை மட்டும் மூடி வைத்தால் போதும் என்று எல்லாவற்றையும் மறைத்தவள் நான். அவர் மறைத்தது பயத்தில். நான் மறைத்தது நல்லவளாக இருக்க வேண்டும் என்ற ஆசையில்.

"தொரைகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றேன்.

"ஒரு மாசம் பொறுங்க மிஸ்ஸி. பார்வதிகிட்டச் சொல்லிப் பக்குவமா..."

"ஒரு நாள்கூட முடியாது. இன்னிக்கு நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

அவர் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் ஓட்டும் இடத்துக்கு நகர்ந்தேன். துரை பங்களா வாசலில் நிறுத்தினேன். அவர் தனியாகவே உள்ளே போனார்.

பார்வதி

துரை அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. தொழிற்சாலையான ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளின் மேல் எழுத்து வெட்டிய தகடு வைத்துத் தோட்டத்துப் பெயரை மையால் பதிக்கும் வேலை கிடைத்தது. நேராகப் பார்த்துச் செய்கிற வேலை. அவர் பதித்த எழுத்து ஒன்றுகூடக் கோணியதில்லை. ஆனால் வீடு புது டிரைவருக்குப் போயிற்று. சுப்பையாவும் பார்வதியும் லயத்தில் ஒற்றை அறைக் காம்பிரா ஒன்றுக்கு மாறினார்கள். டேலியாச் செடிகளை அவள் பிடுங்கிக்கொண்டு போகவில்லை.

மாறிய அன்று என் வாசலில் வந்து நின்றாள். "ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லிருக்கலாம் மிஸ்ஸி. நானும் தொணைக்குப் போயி நின்னிருப்பேன். அவர ஒத்தையில அனுப்பிட்டீங்களே" என்றாள். அவள் சொன்னது சரி. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

நான் டெஸ்டில் தேறினேன். எல் போர்டைக் கழற்றினார்கள். புது டிரைவர் இருந்தாலும், இரவில் பிரசவ நோயாளி என்றால் நானே ஓட்டினேன்.

இரண்டு வருடம் கழித்துப் பார்வதி கர்ப்பமானாள். பத்து வருடத்துக்குப் பிறகு வந்த பிள்ளை. சோதிக்க வருவாள், கையை நீட்டுவாள், கேட்டதற்குத் தலையாட்டுவாள். பிரசவமும் என் கையில்தான். பெண் குழந்தை. அப்போதும் அவள் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள்.

சுப்பையா வாசலில் குழந்தையை வாங்கிக்கொண்டார். முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"மிஸ்ஸி, இதுக்கும் கண்ணு...?"

"இப்பத் தெரியாது சுப்பையா. வளந்தாத்தான் தெரியும்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவளின் தோள் அசைந்ததைப் பார்த்தேன்.

குழந்தை நடக்கத் தொடங்கிக் கொஞ்ச காலத்தில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவர்களுக்கு இந்தியா போகும் தாள் வந்தது. ஹட்டன் ஸ்டேஷனுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். சுப்பையா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்வதி பெட்டியின் மேல் உட்கார்ந்து குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ரயில் நகரும்போதும் அவள் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருடம் இருக்கும். நான் ஓய்வு பெறும் சமயம், தமிழ்நாட்டு முத்திரையோடு நீலத் தாளில் ஒரு கடிதம் வந்தது. உருண்டை உருண்டையான பள்ளிக்கூட எழுத்து. அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதியிருக்கிறாள். சுப்பையாவுக்கு இப்போது நேரே பார்த்தாலும் கொஞ்சம்தான் தெரிகிறதாம். தேயிலைத் தோட்டம் ஒன்றில் பார்வதிக்கு வேலை. குளிர் நம்ம ஊர் மாதிரியேதானாம். கடைசிப் பத்தியைக் கீழே அப்படியே தருகிறேன். மகளின் வயதில் வராத அந்தக் கண் நோய் பிறகு வராது என்று உறுதி சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. இருந்தாலும் அன்றைக்கு அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

"மிஸ்ஸிக்கு ஒண்ணு சொல்லணும்னுதான் இந்தக் கடுதாசி. ஒங்க கையில பொறந்தவதான் இத எழுதுறா. மணி ஏழு தாண்டிருச்சு, மண்ணெண்ண வெளக்குலதான் எழுதுறா. நேத்து ராத்திரி ஆடு அவுத்துக்கிட்டு ஓடிருச்சு. வெளக்க எடுத்துட்டுப் போடின்னு நான் கத்துறதுக்குள்ள, இருட்டுலயே போயி அதப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டா."